கழித்தல் 543

1 நவம்பர் 2566, புதன்

மதியம் தோழி புய்யோடு சொம்தாம் கடை. பச்சைப் பப்பாளியை உரலில் இடித்துக் கொடுக்கும் அந்தச் சத்தத்தில் பேசவே முடியாது. எனக்கு அதுதான் வசதி.

அம்மா நேற்றும் தொலைபேசியில் கேட்டாள், "நீ அந்த கோன்கேன்ல அப்படி என்னதான் வேல பாக்குற?" எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது. இரண்டு வருடமாக அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்று அந்தக் கடையில் கிடைத்தது. சீட்டில் எது வேண்டும், மிளகாய் எத்தனை என்று குறித்து ஜன்னலில் நீட்டுகிறோம். உள்ளே இடிப்பது யார் என்று நமக்குத் தெரியாது. வெளியே பசித்திருப்பது யார் என்று அவர்களுக்கும் தெரியாது. சீட்டு போகிறது, தட்டு வருகிறது. எங்கள் மென்பொருள் வேலையில் ஏபிஐ என்பது அந்த ஜன்னலும் அந்தச் சீட்டும்தான். கிராமங்களுக்குப் போகும் பரிசோதனை வண்டியின் செயலியை ஒரு கம்பெனி எழுதியது. பெரிய மருத்துவமனையில் நாள் குறிக்கும் மென்பொருளை இன்னொரு கம்பெனி எழுதியது. ஒன்றின் பாஷை மற்றதற்குத் தெரியாது. நடுவில் நின்று ஒரு ஜன்னலில் சீட்டை வாங்கி, மாற்றி எழுதி, மறு ஜன்னலில் நீட்டுவது எங்கள் வேலை.

மாலையில் அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"அப்ப பரிமாறுற பொண்ணுன்னு சொல்லு. இதுக்கா நாலு வருஷம் படிச்ச?"

சிரித்தாள். நானும்.

வண்டிச் செயலிக்காரர்கள் இன்று குழுவில் ஒரு செய்தி போட்டார்கள். "புதிய பதிப்பில் தேதிகள் சர்வதேச முறைக்கு மாற்றப்படும். பணிவுடன் தெரிவிக்கிறோம்." குழுவில் முப்பத்தொரு பேர்: மருத்துவர்கள், தலைமைச் செவிலி, எங்கள் மேலாளர் கிரியங் அண்ணன். உடனே வரிசையாகக் கும்பிடும் கரடி, கும்பிடும் வாத்து ஸ்டிக்கர்கள் — 'அறிந்துகொண்டோம்', 'அறிந்துகொண்டோம்'. தாய்லாந்தில் நமக்கு இது புத்த ஆண்டு 2566, வெளியுலகத்துக்கு 2023. வண்டியிலிருந்து வரும் ஆண்டில் 543-ஐக் கழித்து மருத்துவமனைக்குக் கொடுப்பது நான் எழுதிய ஒரே ஒரு வரி. "எந்தத் தேதியிலிருந்து மாறுகிறது?" என்று தட்டினேன். அனுப்பவில்லை. அத்தனை பெரியவர்கள் நடுவில் என்னைப் போல ஒருத்தி கேள்வி கேட்டு அவர்களைச் சிரமப்படுத்துவதா? இந்தத் தயக்கத்துக்கு நாங்கள் வைத்த பெயர் கிரெங்ஜாய். தாய்ப்பாலோடு வருவது. அண்ணன் தனியாகக் கேட்டிருப்பார்.

எழுதியதை அழித்துவிட்டுக் கும்பிடும் பூனை ஒன்றை அனுப்பினேன்.

19 நவம்பர், ஞாயிறு

ஊர். புத்த கோயில் மைதானத்தில் பரிசோதனை வண்டி. எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஆற்று மீனைப் பச்சையாகக் கொத்தித் தின்னாவிட்டால் விருந்தே இல்லை. அதிலிருக்கும் புழு ஈரலில் குடியேறி, இருபது முப்பது வருடம் கழித்துப் புற்றாகிறது. எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் தின்கிறார்கள்.

அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். வரிசையில் நின்றவர்களிடம் அவர் வைத்திய விளக்கம் தந்துகொண்டிருந்தார்.

"எலுமிச்சம்பழம் புழிஞ்சா புழு செத்துரும். மேல ரெண்டு வாய் சாராயம் ஊத்துனா அதோட குடும்பமே செத்துரும்."

ஒலியலைப் படம் எடுக்க வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவியதும் கூச்சத்தில் நெளிந்தார். வண்டியில் இருந்த இளம் டாக்டர் சொன்னார், "பெரியப்பா, இந்தப் படத்தப் பெரிய டாக்டர் பாப்பாரு. சந்தேகமா இருந்தா உங்க போனுக்கு மருத்துவமனையிலேருந்து தேதியோட செய்தி வரும். வரலைன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம்."

திரும்பும்போது, என்ன நினைத்தேனோ, "அந்தச் செய்தி என் வழியாத்தான்பா போகும்" என்றேன். அப்பா அப்படியே நின்றார். பிறகு வரிசையைப் பார்த்து, நான் வெட்கத்தில் மண்ணுக்குள் புதைந்துபோகும்படி, "கேட்டுக்கங்கப்பா! எல்லாம் எம்பொண்ணு கை வழியாத்தான் போவுது!" என்று கத்தினார்.

14 டிசம்பர்

அப்பாவுக்குச் செய்தி எதுவும் வரவில்லையாம். அப்பாடா.

2 ஜனவரி 2567

புத்தாண்டுக்கு ஊருக்குப் போய்த் திரும்பினேன். அப்பா மெலிந்திருக்கிறார். கையைச் சொறிந்துகொண்டே இருக்கிறார். கேட்டால், "கரும்பு வெட்டுறவனுக்குச் சொண அரிக்காம சந்தனமா மணக்கும்?" என்கிறார். பண்டிகைச் சாப்பாட்டிலும் பாதியில் எழுந்துவிட்டார். வயதாகிறது என்கிறாள் அம்மா. ஐம்பத்தெட்டு ஒரு வயதா?

வண்டி பார்த்துவிட்டது. செய்தி வரவில்லை. அதனால் ஒன்றுமில்லை.

13 பிப்ரவரி, செவ்வாய்

மருத்துவமனையில் மாதக் கூட்டம். வழக்கம்போல் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். தலைமைச் செவிலி ரபிபன் அக்கா எனக்குக் காப்பி நீட்டியபடி, "இந்த வருஷம் ஜனங்க பச்ச மீன் திங்கிறத விட்டுட்டாங்க போல. நவம்பர்லேருந்து வண்டி அனுப்புன ஆளுங்க ஒருத்தர்கூட வரல. பேரு இருக்கு, தேதி இருக்கு. ஆள்தான் இல்ல" என்றார்.

ஒருவர்கூடவா?

ஏதோ சொன்னேன். "ஒன் வீட்டுப் பேரு மொட், எறும்புன்னு சரியாத்தான் வச்சிருக்காங்க, எறும்பு பேசுற மாதிரியே இருக்கு. சத்தமாச் சொல்லு" என்றார் அக்கா. "ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

14 பிப்ரவரி, புதன். பேருந்தில் எழுதுகிறேன்

எழுத்து குலுங்குகிறது. எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

காலையில் பதிவுகளைத் திறந்தேன். நவம்பரிலிருந்து அறுபத்து மூன்று பேருக்கு நாள் குறித்துச் சீட்டு போயிருக்கிறது. மருத்துவமனைக் கணினி அறுபத்து மூன்றுக்கும் 200 என்று பதில் சொல்லியிருக்கிறது. 200 என்றால் சரி, பெற்றுக்கொண்டேன். பெற்றுக்கொண்டது உண்மை. புரிந்ததா என்று யாரும் அதைக் கேட்கவில்லை.

வண்டி நவம்பர் மூன்றாம் தேதியிலிருந்து ஆண்டைச் சர்வதேச முறையில், 2023 என்றே அனுப்பத் தொடங்கியிருக்கிறது. என் வரி அதிலும் 543-ஐக் கழித்திருக்கிறது. 1480. ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் முடிந்துபோன நாள். முடிந்த நாளுக்கு எந்தக் கணினியும் நினைவூட்டல் அனுப்பாது.

அக்காவின் கண்ணில் ஏன் படவில்லை என்பதுதான் கொடுமை. மருத்துவமனைத் திரை எல்லா ஆண்டையும் நம் கணக்கில் காட்டும், 543-ஐத் திரும்பக் கூட்டி. 1480-ஓடு 543. திரையில் 2023 என்றே தெரிந்திருக்கிறது. வெளிநாட்டுக் கணக்கில் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக் கடந்துபோயிருப்பார். நம் ஊரில் யாராக இருந்தாலும் கடந்துதான் போயிருப்பார்கள். இரண்டு ஆண்டுக்கணக்கையும் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்.

பட்டியலைக் கீழே இறக்கிக்கொண்டே வந்தேன். பதினேழாவது வரி. முதலில் பெயரைப் பார்க்கவில்லை, எண்ணைப் பார்த்தேன். அந்தப் பதின்மூன்று இலக்கத்தைப் பத்து வயதிலிருந்து எழுதுகிறேன் — உர மானியப் படிவம், பள்ளிப் படிவம், எல்லாவற்றிலும். அப்பாவுக்கு எழுத்து அவ்வளவு வராது. கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன்.

புன்லர்ட். ஆண். 58. பித்தநாளம் விரிந்துள்ளது. உடனடி ஸ்கேன் தேவை. 12 டிசம்பர்.

டிசம்பர் பன்னிரண்டு. இரண்டு நாள் கழித்து இதே நோட்டில் அப்பாடா என்று எழுதியிருக்கிறேன். பாவி.

அம்மாவைக் கூப்பிட்டேன். "அப்பா கண்ணு மஞ்சளா இருக்காம்மா?"

"வெயில்ல நிக்கிறவரு கண்ணு வேற எப்படிடி இருக்கும்? ஏன்?"

"நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் என்கூட வரணும். எதுவும் கேக்காத."

கிரியங் அண்ணனிடம் பேருந்து நிலையத்திலிருந்து சொன்னேன். "நீ கேட்டிருப்பன்னு நெனச்சேன் மொட்" என்றார். நான் அவர் கேட்டிருப்பார் என்று நினைத்தேன். முப்பத்தொரு பேரும் இப்படித்தானா? பிறகு சொன்னார், "எல்லாருக்கும் புதுசா தேதி அனுப்பிடுவோம். 'மென்பொருள் மேம்பாட்டின்போது சில தேதிகள் விடுபட்டன'ன்னு போட்டுக்கலாம். யாரு பேரும் வேணாம். யாரும் தலைகுனிய வேணாம்." அவர் கெட்டவர் இல்லை. அவர் வீட்டில் சண்டை வந்தால்கூட இப்படித்தான் முடித்துவைப்பார்.

சரிண்ணே என்றேன். எனக்கு வேறென்ன சொல்லத் தெரியும்.

15 பிப்ரவரி

அப்பாவை ஸ்கேனுக்கு உள்ளே அழைத்துப்போன பின், வெளியே இருந்த பெஞ்சிலிருந்து குழுவில் எழுதினேன். "நவம்பர் 1 செய்தியை நான் படித்தேன். எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் நிரலில் ஆண்டு இருமுறை கழிந்தது. அறுபத்து மூன்று பேருக்கு அழைப்பு போகவில்லை. பட்டியல் கீழே. பிழை என்னுடையது. — விலைபொன்."

முழுப் பெயரைப் போட்டேன்.

ஒரு கரடியும் வரவில்லை, ஒரு வாத்தும் வரவில்லை. கால் மணி கழித்து ரபிபன் அக்கா நேராக அந்தப் பெஞ்சுக்கே வந்தார். கோபம் கழுத்து நரம்பில் தெரிந்தது.

"தெனம் அந்தத் திரையப் பாத்தவ நான். உன்ன மட்டும் திட்ட எனக்கு வாயில்ல. செய்தி அனுப்பி இவங்க எப்பப் படிக்கிறது? கூப்புடுவோம். பாதி நீ, பாதி நான். எழுந்திரு."

"எனக்கு... போன்ல பேச வராதுக்கா."

"எனக்கும் வராது. இந்த மாதிரி விஷயம் யாருக்கு வரும்?"

16 பிப்ரவரி

முப்பத்தொரு அழைப்புகள். முதல் மூன்றில் குரலே எழும்பவில்லை. "யாரும்மா? கடன் கம்பெனியா?" என்று வைத்துவிட்டார் ஒருவர். திரும்பக் கூப்பிட்டேன். ஒரு பெண் சந்தையில் நின்றுகொண்டு, "அப்ப எனக்கு இருக்கா இல்லையா? அத மட்டும் சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தெரியாது, வந்து பார்க்க வேண்டும் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இருபத்து நான்காவது எண்ணை ஒரு அம்மாள் எடுத்தார்.

"அவரு ஜனவரி பத்தாந்தேதியே போயிட்டாரும்மா."

தேதி தவறிப்போன கதையைச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. அந்தப் பக்கம் கோழி கூவிக்கொண்டிருந்தது.

"அப்படியா" என்றார். "செய்தி வரலைன்னு எவ்வளவு சந்தோஷமா இருந்தாரு தெரியுமா." பிறகு, "நீ சாப்டியாம்மா? கொரலே சரியில்ல."

கழிப்பறைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். அக்கா கதவைத் தட்டவில்லை. வெளியே வந்தபோது மீதி ஏழு எண்களும் மேஜையில் அப்படியே இருந்தன.

பேசினேன்.

5 மார்ச், செவ்வாய்

அப்பாவுக்குப் புற்றுதான். அறுவை செய்ய முடியாதாம். ஈரலின் இரண்டு பக்கமும் பரவிவிட்டது. மஞ்சள் இறங்க ஒரு குழாய் வைப்பார்கள். அவ்வளவுதான்.

அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வெளியே போன பின் நான் மட்டும் நின்றேன். "டிசம்பர்ல வந்திருந்தா, டாக்டர்?"

பேனா மூடியை மூடினார், திறந்தார். "தெரியாதும்மா. சில பேருக்கு அந்த ரெண்டு மாசம் ஒண்ணுமேயில்ல. சில பேருக்கு அதுதான் எல்லாமே. உங்கப்பாவுக்கு எதுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

அறுபத்து மூன்றில் அறுபது பேர் வந்து பார்த்துவிட்டார்கள். எட்டுப் பேருக்கு அறுவை. அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள் என்கிறாள் புய். எடுத்துக்கொள்ள முயல்கிறேன்.

20 மார்ச்

நிரலைத் திருத்தி ஏற்றியாயிற்று. இன்றைக்கு முந்திய தேதியில் இனி எதையும் வாங்காது. மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டு என்னையும் ரபிபன் அக்காவையும் கூப்பிடும். நான்கு வரி. நாற்பது நிமிட வேலை.

14 ஏப்ரல், ஞாயிறு

சொங்கிரான், எங்கள் பழைய புத்தாண்டு. தெருவெல்லாம் தண்ணீர், பாட்டு, பிக்கப் வண்டிகள். எங்கள் வீட்டில் அப்பாவைச் சாய்வாக உட்காரவைத்திருந்தோம். கை எலும்பாகிவிட்டது. மல்லிகை மிதக்கும் தண்ணீரைப் பெரியவர்கள் கையில் ஊற்றி, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுக்கச் சொல்லி ஆசி வாங்கும் நாள். வருடா வருடம் மனப்பாடமாக ஒப்பிப்பேன். அவரும் மனப்பாடமாக, நல்ல மாப்பிள்ளை வரட்டும் என்பார்.

இந்த முறை வாய் 'பிழை' என்ற இடத்தில் நின்றுவிட்டது.

சொல்லிவிட்டேன். பூனை ஸ்டிக்கர், கழித்தல், 1480, எல்லாம். அம்மா அடுக்களையில் இருந்தாள். என் கிண்ணத்துத் தண்ணீர் முழுவதும் அவர் கையில் ஊற்றி முடிந்து, பாயெல்லாம் நனைந்திருந்தது.

அப்பா கையைத் துடைக்கவில்லை. வாசலில் யாரோ யார் மேலோ வாளித் தண்ணீரை வீசிச் சிரித்த சத்தம்.

"டிசம்பர்னா கரும்பு வெட்டு" என்றார். "செய்தி வந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன். ஒங்கம்மாகிட்ட மறைச்சிட்டு வெட்டத்தான் போயிருப்பேன். என்னத் தெரியாதா ஒனக்கு?"

"நெஜமாவாப்பா?"

"எறும்பு சைசுல இருந்துக்கிட்டு யானைய முதுகுல ஏத்திக்காத. எறக்கி வை."

ஈரக் கையை என் தலையில் வைத்தார். மாப்பிள்ளை பற்றி எதுவும் சொல்லவில்லை.

24 மே

அப்பா நேற்றுக் காலையில் போய்விட்டார். வீட்டில்தான். அம்மா மடியில்.

2 ஜூன், ஞாயிறு

பிக்குகள் ஓதிவிட்டுப் போன பிறகு பாத்திரங்கள் கழுவிக்கொண்டிருந்தோம். அம்மா அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

"டிசம்பர் பூரா அந்தப் போனக் கீழயே வைக்கல மனுஷன். ரெண்டு பிளாஸ்டிக் பையில சுத்தி, கரும்புத் தோட்டத்துல இடுப்புல கட்டிக்கிட்டே வெட்டுனாரு. பொழுது சாயறதுக்குள்ள சார்ஜ் போடணும், சிக்னல் இருக்கான்னு பாக்கணும். மேஸ்திரிகிட்டகூட சொல்லி வச்சிருந்தாரு, கூப்புட்டாங்கன்னா அப்படியே போட்டுட்டுக் கெளம்பிருவேன்னு. 'எம்பொண்ணு கைவழியா வர்ற செய்தி, தவற விடக்கூடாது'ன்னு."

கையிலிருந்த தட்டை எவ்வளவு நேரம் கழுவினேன் என்று தெரியவில்லை.

அம்மாவிடம் ஏப்ரலில் அவர் சொன்னதைச் சொல்லவில்லை. சொல்லி என்ன. அந்தப் பொய் எனக்கென்றே சொன்னது. நானே வைத்துக்கொள்கிறேன்.

6 ஜூலை, சனி

அப்பாவின் தொலைபேசி இப்போது அம்மாவிடம். மதியம் அதை நீட்டினாள். "இது என்னன்னு படி."

"திரு. புன்லர்ட் அவர்களுக்கு வணக்கம். தங்கள் மறுபரிசோதனை 9 ஜூலை 2567, காலை 8.30. தவறாமல் வரவும்."

தேதி சரி. ஆண்டு சரி. மூன்று நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், மூன்று நாள் முன்னதாகச் சொல்லியிருக்கிறது. இறப்பைப் பதிவது வட்டார அலுவலகம். நாள் குறிப்பது மருத்துவமனை. இரண்டுக்கும் நடுவில் இன்னும் ஜன்னலே வைக்கவில்லை. வீட்டில் இறந்தவர்களை மருத்துவமனை அழைத்துக்கொண்டேதான் இருக்கும்.

குழுவில் கேட்டேன்: "இறப்புப் பதிவு நமக்கு எங்கிருந்து, எத்தனை நாளில் வரும்? இதற்குப் பொறுப்பு யார்?" இரண்டு ஸ்டிக்கர்கள் வந்தன. "ஸ்டிக்கர் வேண்டாம், பதில் வேண்டும்" என்று எழுதினேன். சற்று நேரத்தில் கிரியங் அண்ணன், "திங்கட்கிழமை வட்டார அலுவலகத்துக்கு நானே போய்க் கேட்கிறேன்" என்று போட்டார்.

அம்மாவிடம், விட்டுவிடும்மா, அது கணினி அனுப்பியது, பதில் சொல்லத் தேவையில்லை என்றேன்.

"கூப்புட்டவங்களுக்கு வரலைன்னு சொல்ல வேணாமா?" என்றாள்.

9 ஜூலை, செவ்வாய்

அம்மா நல்ல பட்டுப் பாவாடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஏழரைக்கே போய்விட்டோம். டோக்கன் எடுத்தாள். எடுக்க வேண்டாம் என்று சொன்னதைக் கேட்கவில்லை. முறை வரும்வரை முதுகை நிமிர்த்தி, தொலைபேசியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நோயாளி எங்கே என்று கேட்டாள் முகப்பிலிருந்த பெண். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே சொன்னாள்.

"அவரால வர முடியாதும்மா. மே மாசம் தவறிட்டாரு. நேருல சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம். எட்டரை மணிய அவருக்குன்னு பிடிச்சு வச்சிருக்கீங்களே, அத வேற யாருக்காச்சும் குடுத்துருங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், எழுந்து நின்று கும்பிட்டாள். பிறகு உட்கார்ந்து எதையோ தட்டினாள். தேதி இல்லாமல், இடம் கிடைத்தால் பார்க்கலாம் என்று வந்தவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் பெயரைக் கூப்பிட்டாள்.

வெயிலில் கறுத்த ஒரு மனிதர், தன்னையா என்று நம்பாமல், மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"போங்க, ஒங்களத்தான்" என்றாள் அம்மா.

அவர் உள்ளே போய்க் கதவு மூடும்வரை நின்று பார்த்தாள். பிறகு போகலாம் என்றாள்.